ஜார்ஜ் வாஷிங்டனும் மார்த்தா அம்மையாரும்

போர்மேற் சென்ற தலைவன் பாசறையில் இருப்பதும், அவன் வரவை எதிர்நோக்கித் தலைவி இல்லத்தில் ஆற்றியிருப்பதும் நம் சங்கப் புலவர்கள் முல்லைத் திணையில் வைத்துப் பாடிய பொருளாகும். கார்காலம் தொடங்குங்கால் தலைவன் மீள்வான் என்பது மரபு. அம்மரபிற்கு மாறாக, பருவம் வந்ததும் தலைவியே பாசறை நோக்கிப் புறப்பட்ட வரலாறு ஒன்று மேனாட்டுச் சரித்திரத்தில் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதற் குடியரசுத் தலைவராய் விளங்கிய ஜார்ஜ் வாஷிங்டனும் அவர்தம் மனைவியார் மார்த்தா அம்மையாரும் வாழ்ந்த வரலாறே அது. வாஷிங்டன் நடத்திய போர்களை நம் மாணவர் சரித்திர வகுப்பிற் கற்றிருப்பர். ஆதலின் அவற்றை விரித்துரையாது, அப்போர்களினிடையே அவர் தம் இல்லத்தோடு கொண்டிருந்த தொடர்பையே யாம் ஈண்டுப் பொருளாகக் கொள்வாம்.

வாஷிங்டன் 1732-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்கள் 22-ஆம் நாள் வர்ஜீனியா நாட்டிற் பிறந்தார். பதினொரு வயதில் தந்தையாரை இழந்தார்; இளமையில் நிலஅளவைத் தொழில் செய்தார்; பின்னர்ப் பிரெஞ்சுக்காரரோடு நிகழ்ந்த எல்லைப்போரிற் பணியாற்றிப் பெயர் பெற்றார். 1759-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் மார்த்தா கஸ்டிஸ் என்னும் அம்மையாரை மணந்தார். அம்மையார் அவரினும் சில திங்கள் மூத்தவர். முதற் கணவரை இழந்து, ஜாக்கி என்னும் மகனோடும் பாட்ஸி என்னும் மகளோடும் வாழ்ந்தவர். வாஷிங்டனுக்கெனத் தனியே மக்கட்பேறு வாய்க்கவில்லை. அவ்விரு குழந்தைகளையும் அவர் தம் மக்களாகவே வளர்த்தார். பொட்டோமாக் ஆற்றங்கரையிலுள்ள மவுண்ட் வெர்னன் என்னும் பண்ணை அவர்கள் இல்லமாயிற்று. 1773-இல் மகள் வலிப்பு நோயால் இறந்தது அவ்வில்லத்தின் முதற் பெருந்துயரம்.

இரண்டாண்டு கழிந்து, குடியேற்ற நாடுகளுக்கும் இங்கிலாந்துக்கும் போர் மூண்டது. 1775 ஜூன் 15-ஆம் நாள் பிலடெல்பியாவிற் கூடிய காங்கிரஸ் மகாசபை வாஷிங்டனைத் தலைமைச் சேனாபதியாகத் தெரிந்தெடுத்தது. மாதம் 500 டாலர் ஊதியம் வகுக்கப்பட்டது. அவர் அதனை ஏலாது, செலவுத் தொகை மட்டுமே பெறுவதாக உரைத்தார். அதன் பின்னர் மூன்றாம் நாள் அவர் மனைவியார்க்கு ஒரு நிருபம் வரைந்தார். அப்பதவியைத் தாம் நாடவில்லை என்றும், தவிர்க்க முயன்றும் இயலவில்லை என்றும், போரின் இடுக்கண்களைக் காட்டிலும் அவர் தனித்திருந்து வருந்துவாரே என்பதுதான் தம்மை வருத்துகின்றது என்றும் அதில் எழுதினார். புதிதாக எழுதுவித்த மரணசாசனத்தை உடன் வைத்தார். முடிவில், அவர்க்காக இரண்டு உடைக்கு வேண்டிய மஸ்லின் துணி வாங்கியிருப்பதையும் குறித்தார். ஒரே உறையில் மரணசாசனமும் துணிச் செய்தியும்! சேனாபதியின் உள்ளத்தை இதனினும் நன்கு விளக்குவது வேறில்லை என்பது எம் கருத்து.

இலையுதிர் காலத்திற்குள் மீள்வதாக அந்நிருபத்தில் நம்பிக்கை கூறியிருந்தார். அந்நம்பிக்கை பொய்த்தது. போர் முடிந்து இல்லம் புக அவர்க்கு எட்டாண்டுக்குமேற் சென்றது.

மனைவியார்க்கு எழுதியதோடு அவர் அமையவில்லை. அம்மையாரின் தனிமையை நீக்குமாறு அவர் மகன் ஜாக்கிக்கும், தம் உடன்பிறந்தாருக்கும், மைத்துனர்க்கும் தனித்தனியே எழுதினார். பண்ணையைக் கவனிக்கத் தூரத்து உறவினரான லண்ட் வாஷிங்டனை அமர்த்தியிருந்தார். வர்ஜீனியாவின் ஆங்கிலக் கவர்னர் டன்மோர் பிரபு கப்பலில் தங்கியிருந்த அக்காலத்தில், அவர் ஆற்றின்வழி வந்து அம்மையாரைச் சிறைப்பிடிப்பார் என்ற வதந்தி எழுந்தது. அத்துணைக் கீழ்மை அவர் செய்யார் என வாஷிங்டன் கருதினும், இடர் நேரின் அம்மையாரையும் தம் கடிதக் கட்டுகளையும் பாதுகாப்பான இடத்திற் சேர்ப்பிக்குமாறு லண்டுக்கு ஆணை விடுத்தார்.

பனிக்காலத்தில் படைகள் போரொழிந்து ஓரிடத்தே தங்குதல் அந்நாட்டு வழக்கம். அக்காலத்தில் தளபதிகள் பலர் விடுப்புப் பெற்று இல்லம் செல்வதுண்டு. வாஷிங்டன் செல்லவில்லை. தலைவன் நீங்கின் சேனை கலைந்துவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆதலின் பாஸ்டன் நகரையடுத்த கேம்பிரிட்ஜ் பாசறைக்கு வருமாறு 1775 இலையுதிர் காலத்தில் மனைவியாரை அழைத்தார். பயணத்தின் துன்பங்களை மறையாது எடுத்தெழுதி, வருவதையும் வாராமையையும் அவர் விருப்பத்திற்கே விட்டார். முன்னர் வர்ஜீனியாவை விட்டு நெடுந்தூரம் சென்றறியாத அம்மையார், நவம்பரில் வண்டியேறி ஏறத்தாழ 500 மைல் கடந்து, டிசம்பர் 11-ஆம் நாள் பாசறை சேர்ந்தார்.

அதுமுதல் எட்டுப் பனிக்காலங்களிலும் அவர் அங்ஙனமே சென்றார். பாசறைகளிற் பெரியம்மை பரவியிருந்தது. வாஷிங்டன் இளமையில் அந்நோயுற்றுத் தேறியவர். அம்மையார்க்கு அக்காப்பு இல்லை. ஜென்னரின் முறை தோன்றாத அக்காலத்தில், நோயின் சீழையே உடலிற் புகுத்தி மெல்லிய அம்மையை வரவழைத்தலே காப்பு முறையாக இருந்தது; அதனால் இறந்தோரும் உண்டு. அம்மையார் துணியமாட்டார் என்றே கணவர் ஐயுற்றார். ஆயினும் 1776-இல் அவர் பிலடெல்பியாவில் அச்சிகிச்சையை ஏற்று நலமடைந்தார்.

1777 டிசம்பரில் சேனை வேலி போர்ஜ் என்னுமிடத்திற் பாசறை அமைத்தது. உணவும் உடையும் பாதரட்சையுமின்றி வீரர் வருந்தினர். நோயால் மாண்டோர் 2,000 பேர் என்பர். அடுத்த பெப்ருவரியில் அம்மையார் அங்கே சென்றடைந்தார். இருந்த வீடு மிகச் சிறிது. உண்பதற்கென மரத்துண்டுகளால் ஓர் அறை சேர்த்துக் கட்டவேண்டியதாயிற்று. ஒவ்வோராண்டும் போர் தொடங்கும் பீரங்கி முழக்கத்தையும் முடியும் முழக்கத்தையும் தாம் கேட்டதாக அவர் பின்னாளில் நினைவுகூர்வார். போர்க்காலத்தில் ஏறத்தாழச் சரிபாதியை அவர் கணவரோடு பாசறையிற் கழித்தார்.

இப்பிரிவைப் பகைவரும் கருவியாக்கினர். 1777-இல் லண்டனில் வாஷிங்டன் எழுதியன எனச் சில நிருபங்கள் அச்சாயின. அவற்றுள் ஒன்று மனைவியார்க்கு எழுதியதாகப் புனையப்பட்டிருந்தது. அவர்தம் ஊழியர் வில்லியம் லீ சிறைப்பட்டபோது அவை கிடைத்தன என்றனர். லீ சிறைப்பட்டதே இல்லை. இருபதாண்டு கழித்து, 1797-இல் பதவி நீங்குங்கால், அவை பொய்யென்று வாஷிங்டன் எழுத்தில் மறுத்து அரசாங்கப் பதிவிற் சேர்ப்பித்தார்.

இவ்விடத்து ஓர் உண்மையை மறைத்தல் தகாது. அவ்வில்லத்தின் வளம் அடிமைகளின் உழைப்பால் வந்தது. வில்லியம் லீயும் அடிமையே. போர்க்காலம் முழுதும் தலைவரை நீங்காதிருந்தவர். மார்கரெட் தாமஸ் என்னும் மாது, கறுப்பர் குலத்தவராயினும் அடிமையல்லர். அவரே லீயின் துணைவியாகக் கருதப்பட்டவர். அவரைப் பிலடெல்பியாவினின்று அழைத்துவர லீ வேண்டினார். வாஷிங்டன் 1784-இல் அதற்கென எழுதினார். பிரிவின் நோவு சேனாபதிக்கும் அடிமைக்கும் ஒன்றே. ஆயினும், ஒருவர் தம் துணைவியை அழைக்கவும் மற்றவர் அனுமதி வேண்டவும் நேர்ந்தது. 1799-ஆம் ஆண்டு மரணசாசனத்தால் லீ விடுதலையும் ஆண்டுக்கு 30 டாலர் உதவித்தொகையும் பெற்றார்.

1781 செப்டம்பரில், யார்க்டவுன் நோக்கிப் படை செலுத்தும் வழியில், ஆறாண்டுகளுக்குப் பின் முதன்முறையாக வாஷிங்டன் தம் இல்லத்தில் அடிவைத்தார். சில நாளே தங்கினார். அக்டோபர் 19-ஆம் நாள் ஆங்கிலச் சேனை சரணடைந்தது. வெற்றியின் களிப்பு அவ்வில்லத்தில் நிலைக்கவில்லை. பாசறைக் காய்ச்சல் பற்றிய ஜாக்கி நவம்பர் 5-ஆம் நாள், இருபத்தேழு நிரம்பாத வயதில் உயிர்நீத்தார். அவர்தம் மக்கள் நால்வருள் இளையோர் இருவரை வாஷிங்டன் தம்பதிகள் வளர்த்தனர்.

1783-இல் வாஷிங்டன் செலவுக் கணக்கை ஒப்புவித்தார். அதில், அம்மையார் பாசறைக்கு வந்துபோன வழிச்செலவாக 1,064 பவுன் 1 ஷில்லிங் காணப்படுகின்றது. இதனைப் பொதுப்பணத்திற் சேர்க்கத் தயங்கியதாகவும், ஆண்டுதோறும் இல்லம் செல்லும் உரிமையைத் தாம் துறந்தமையால் அது தகுமெனத் துணிந்ததாகவும் அங்கேயே குறித்துள்ளார். கணக்கேட்டின் அவ்வொரு வரி, எட்டாண்டுப் பிரிவின் சரித்திரமாகும். அவ்வாண்டு டிசம்பர் 23-ஆம் நாள் பதவி துறந்து, மறுநாளாகிய கிறிஸ்துமஸ் முன்னாளில் இல்லம் சேர்ந்தார்.

வாஷிங்டன் 1799 டிசம்பர் 14-ஆம் நாளும், அம்மையார் 1802 மே 22-ஆம் நாளும் இறந்தனர். தம் இறுதிக்கு முன், தம்மிருவரிடையே சென்ற நிருபங்களை அம்மையார் தீக்கிரையாக்கினார். எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே. முற்கூறிய 1775 ஜூன் நிருபமும் ஐந்து நாட்பின் எழுதிய சிறு நிருபமும் எழுதுமேசையுள் அகப்பட்டுத் தப்பின. சரித்திர ஆசிரியர் இதனைப் பேரிழப்பென்பர். யாமோ அம்மையாரைக் குறைகூறோம். கணவரின் காலத்தையும் வலிமையையும் நாட்டிற்கு ஈந்தவர், அவர் தமக்கென எழுதிய சொற்களை மட்டும் தமக்கே வைத்துக்கொண்டார். சொற்கள் சாம்பரானும், பனிவழியே வண்டி சென்ற தடம் அழியவில்லை. அன்பின் வலிமை எழுதிய நிருபத்தின் நீளத்தில் இல்லை. வருவேன் என்றவர் வாராதபோது, அவர் இருக்குமிடம் தேடிச் செல்லும் உறுதியிலேயே உளது. இல்லம் நீங்கி விடுதியில் உறையும் நம் மாணவ நண்பர்கள் இதனைச் சிறிது சிந்திப்பாராக.