240 டாலரும் 40 டாலரும்: கேரி கில்டாலின் கதை

தொழில்முனைவு குறித்துப் பாடம் நடத்திய ஆண்டுகளில், மாணவர்கள் என்னிடம் பில் கேட்ஸைப் பற்றியும் ஸ்டீவ் ஜாப்ஸைப் பற்றியுமே கேட்பார்கள். நான் முதலில் சொல்லும் பெயர் கேரி கில்டால். பெரும்பாலோர் அப்பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

1942இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தவர் கில்டால். அவரது குடும்பம் மாலுமிகளுக்குக் கடல்வழி காணும் கலையைக் கற்பிக்கும் பள்ளியை நடத்திவந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணினியியலில் முனைவர் பட்டம் பெற்ற அவர், கலிஃபோர்னியாவின் மான்டரே நகரிலுள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். இன்டெல்லின் நுண்செயலி சந்தைக்கு வந்தபோது, போக்குவரத்து விளக்கையோ கணிப்பானையோ இயக்கும் சிறு உறுப்பாகவே பலர் அதைக் கண்டனர். கில்டால் அதில் ஒரு முழுக் கணினியைக் கண்டார். ஓய்வு நேரத்தில் இன்டெல்லின் ஆலோசகராகச் சேர்ந்து, அதற்கென ‘பிஎல்/எம்’ என்ற நிரல்மொழியை உருவாக்கிக் கொடுத்தார்.

1974இல் நெகிழ்வட்டு இயக்கி ஒன்றை நண்பர் ஜான் டொரோடின் உதவியுடன் நுண்செயலியோடு இணைத்து, ‘சிபி/எம்’ என்னும் இயங்குதளத்தை ஓடவிட்டார். இன்டெல் அதை வாங்க முன்வரவில்லை. எனவே கில்டாலும் மனைவி டோரதியும் பசிஃபிக் குரோவ் ஊரில் ‘இன்டர்கேலக்டிக் டிஜிட்டல் ரிசர்ச்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். கோள்களையே தாண்டும் அந்தப் பெயர் பின்னர் ‘டிஜிட்டல் ரிசர்ச்’ எனச் சுருங்கியது. கணவர் நிரல் எழுத, மனைவி வணிகத்தைக் கவனித்தார். அஞ்சல்வழி விற்பனையில் ஒரு பிரதியின் விலை சுமார் 70 டாலர்.

என்னை வியக்கவைப்பது அடுத்த கட்டம்தான். அன்று ஒவ்வொரு கணினியின் வன்பொருளும் ஒவ்வொரு விதம். ‘இம்சாய்’ நிறுவனம் 25 ஆயிரம் டாலருக்கு உரிமம் பெற்றபோது, வன்பொருளைச் சார்ந்த பகுதியை மட்டும் கில்டால் தனியே பிரித்து, அதற்கு ‘பயாஸ்’ என்று பெயரிட்டார். அதன்பின் புதிய கணினி எது வந்தாலும் அந்தச் சிறு பகுதியை மாற்றி எழுதினால் போதும். மீதி அப்படியே ஓடும். முதல் பிரதிக்கே செலவெல்லாம், அடுத்த பிரதிக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்ற மென்பொருளின் பொருளாதாரம் இதனால் முழு வலிமை பெற்றது. பயனர் பெருக, அவர்களுக்காக நிரல் எழுதுவோரும் பெருகினர். இம்சாய் சார்பில் கில்டாலிடம் பேரம் பேசிய சீமோர் ரூபின்ஸ்டைனே பின்னர் தனி நிறுவனம் தொடங்கி, 1978இல் ‘வேர்ட்ஸ்டார்’ மென்பொருளை சிபி/எம்மின் மேல்தான் வெளியிட்டார்.

1980இல் ஐபிஎம் அதிகாரிகள் வந்த நாளில் கில்டால் விமானம் ஓட்டப் போய்விட்டதால் உலகையே இழந்தார் என்ற கதை ஊரறிந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அன்று அவர் தமது விமானத்தில் சென்றது வாடிக்கையாளர் ஒருவரைச் சந்திக்க. ஐபிஎம் நீட்டிய ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட டோரதி தயங்கியதும், பேச்சு முறிந்ததும் உண்மையே. ஆனால் முடிவைத் தீர்மானித்தவை இரண்டு கணக்குகள். மைக்ரோசாஃப்ட், சியாட்டிலின் சிறு நிறுவனம் ஒன்றிடமிருந்து சிபி/எம்மைப் பெரிதும் ஒத்த இயங்குதளத்தைச் சுமார் 75 ஆயிரம் டாலருக்கு வாங்கி ஐபிஎம்முக்கு அளித்தது. மற்ற உற்பத்தியாளர்களுக்கு விற்கும் உரிமையையோ தன் கையிலேயே வைத்துக்கொண்டது. இது முதல் கணக்கு. ஒற்றுமையைக் கண்டு கில்டால் முறையிட்டபின், ஐபிஎம் அவரது சிபி/எம்-86ஐயும் விற்க ஒப்பியது. அதன் விலை 240 டாலர். போட்டியாளருடையது 40 டாலர். இது இரண்டாவது. ஆறு மடங்கு விலை வேறுபாட்டைத் தரம் ஈடுகட்டும் என்று எந்தப் பொருளியலாளரும் பந்தயம் கட்டமாட்டார்.

கில்டால் முடங்கிவிடவில்லை. கலைக்களஞ்சியத்தைக் குறுந்தகட்டில் கொண்டுவரும் முயற்சியில் முன்னோடியாக இருந்தார். ‘கம்ப்யூட்டர் கிரானிக்கிள்ஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பல ஆண்டுகள் இணைந்து வழங்கினார். 1991இல் டிஜிட்டல் ரிசர்ச் நோவெல் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. 1994 ஜூலையில், தலையில் ஏற்பட்ட காயத்தால் 52 வயதில் அவர் இறந்தார். பசிஃபிக் குரோவில் அவரது நிறுவனம் இயங்கிய பழைய வீட்டின் முன், 2014இல் மின்பொறியாளர் சங்கமான ஐஇஇஇ ஒரு நினைவுப் பட்டயத்தைப் பதித்தது.