பிரித்துப் பார்த்த மேதை ஜி.டி.நாயுடு

இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், ஆனா இழுக்காது. மெக்கானிக்கல் நண்பர்கள் எல்லோருக்கும் தெரிந்த வியாதி இது! இதற்கு வைத்தியம் பார்க்க எந்த லேபும் வாத்தியாரும் இல்லாமல் தானே கற்றுக்கொண்ட ஒருவரைப் பற்றி நம் ஆண்டு மலரில் எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாய் ஆசை.

கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமம். அங்கே 1893 மார்ச் 23-ல் பிறந்தவர் ஜி.டி.நாயுடு. சின்ன வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடமோ ஒத்து வரவில்லை. வாத்தியார் மேல் மண்ணை வாரி வீசிவிட்டு வெளியே வந்தார் என்று சொல்வார்கள். (இதை மட்டும் நாம் பின்பற்ற வேண்டாம்!)

ஒரு நாள் ஊருக்கு வந்த வெள்ளைக்கார ரெவின்யூ அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். ரட்ஜ் என்ற இங்கிலாந்து வண்டி. மாடு இல்லை, குதிரை இல்லை, தானே ஓடுகிறது! அன்று பிடித்த பைத்தியம் அவரை விடவேயில்லை. கோவைக்கு வந்து ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்தார். காசு சேர்த்து, அதே வண்டியை 300 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கியவர் ஜம்மென்று ஓட்டித் திரிந்திருக்கலாம் அல்லவா? அக்கு அக்காகப் பிரித்துப் போட்டார்! பிறகு திரும்ப மாட்டினார். அப்படித்தான் அவர் மெக்கானிக் ஆனார்.

பெட்ரோலும் காற்றும் சரியாகக் கலக்கணும், நெருப்பு சரியான நேரத்தில் விழணும், கம்ப்ரஷன் வெளியே கசியக் கூடாது. ஒரு சிலிண்டரைப் பிரித்தவனுக்கு இந்த மூன்றும் கையிலேயே புரிந்துவிடும். போன வருஷம் எங்கள் சீனியர் ஒருவர் நைட்ரோவில் ஓடும் மாடல் படகு இன்ஜின் ஒன்றைக் கொண்டுவந்தார். மெத்தனால், ஆயில், நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருள். ஸ்பார்க் கிடையாது, குளோ பிளக்கில் உள்ள பிளாட்டினம் கம்பிச் சுருள் கனன்றே பற்றவைக்கும். ஸ்லோவில் நன்றாக ஓடியது, ஃபுல் திராட்டில் கொடுத்தால் மூச்சு வாங்கியது. ஆளாளுக்கு நீடிலைத் திருகப் போனார்கள். சீனியர் யாரையும் தொட விடவில்லை. முதலில் புதிய பிளக், பிறகு புதிய எரிபொருள் (மெத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்). அப்புறம் புகையைப் பார்த்தார். புகை அதிகமென்றால் எரிபொருள் அதிகம். இதிலோ புகையே இல்லை, ஹெட் கொதித்தது. அப்படியென்றால் எரிபொருள் போதவில்லை. கடைசியில் பார்த்தால் டேங்க் டியூபில் ஊசிமுனை ஓட்டை, அது வழியாகக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது! ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்ததால்தான் அது கிடைத்தது. கையேடு சொல்லித்தர ஆளே இல்லாத காலத்தில் ரட்ஜ் வண்டியோடு தனியாக உட்கார்ந்திருந்தவரை அன்று நினைத்துக்கொண்டேன்.

1920-ல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சி - பழனி தடத்தில் இறங்கினார். டிரைவரும் அவரே. அது யு.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனியாக வளர்ந்தது. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்மோட்டார், பேட்டரியில் ஓடும் சவர ரேசர், 1941-ல் 70 ரூபாய்க்கு ஐந்து வால்வு ரேடியோ... பட்டியல் நீளும்.

எனக்கு இதையெல்லாம் விடப் பெரிதாகப் படுவது வேறு. 1945-ல் அன்றைய மதராஸ் கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் பாலிடெக்னிக்கும் இன்ஜினீயரிங் காலேஜும் தொடங்கக் காரணமாக இருந்தார். காலேஜுக்கு அவரே பிரின்ஸிபால்! இன்ஜினீயரிங்குக்கு நாலு வருஷம் வீண், ரெண்டு வருஷம் போதும் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டுவிட்டு வந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். மயிலாப்பூரில் விசேஷ வீட்டுக்குப் போனால், டிப்ளமோதானா, பி.இ. சேர்த்திருக்கலாமே என்று சொந்தக்காரர்கள் அம்மாவிடம் கேட்பார்கள். அம்மா பதில் தெரியாமல் என் முகத்தைப் பார்ப்பாள். அந்த நேரத்தில் நாயுடு என் பக்கம் நிற்பதுபோல இருக்கும். ஆனால் ஒன்று, ரெண்டு வருஷம் அவருக்குப் போதும், எனக்குப் போதாது. தெர்மல் கணக்கு ஒன்றுக்கே எனக்கு ஒரு வருஷம் வேண்டும்!

1974 ஜனவரி 4-ல் அவர் மறைந்தார். அந்தக் காலேஜ் பிற்பாடு அரசாங்கக் காலேஜாகி வேறு இடத்துக்குப் போய்விட்டது. ஆனால் அவினாசி ரோட்டில் பஸ் ஸ்டாப்புக்குப் பெயர் இன்னமும் ஹோப் காலேஜ்தான்.