நாவலர் நிறுவிய ஆங்கிலப் பள்ளி

முன்னுரை

ஒருவர் செய்து முடித்த செயல்களைக் கொண்டே அவர் வரலாற்றை எழுதுவது நம் வழக்கம். முடியாமற்போன செயலும் சில வேளைகளில் அவரை நமக்கு நன்கு காட்டும். ஆறுமுக நாவலர் என்றதும் உரைநடையும், அச்சுப் பதிப்பும், சைவப் பணியும் நினைவுக்கு வரும். நம் மாவட்டத்தவர்க்குச் சிதம்பரத்தில் அவர் பெயர் தாங்கிய பள்ளி நினைவுக்கு வரும். ஆனால் அவர் ஓர் ஆங்கிலப் பள்ளியையும் நிறுவினார் என்பதும், அது நான்கே ஆண்டுகளில் மூடப்பட்டது என்பதும் பலர் அறியாத செய்தியாகும்.

இளமையும் கல்வியும்

யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 18-ஆம் நாள் கந்தருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாக ஆறுமுகம் பிறந்தார். சேனாதிராய முதலியாரிடமும் சரவணமுத்துப் புலவரிடமும் தமிழ் பயின்றார். ஆங்கிலம் கற்க வேண்டுமெனில் அக்காலத்தில் மிஷன் பள்ளியே கதி. வெஸ்லியன் மிஷன் பள்ளியில் சேர்ந்து பேர்சிவல் பாதிரியாரிடம் பயின்றார். மாணவரின் திறமை கண்ட பாதிரியார் அவரை அங்கேயே ஆசிரியராக்கினார். விவிலியத்தைத் தமிழில் பெயர்க்கும் பணியிலும் துணை கொண்டார். சைவ சமயத்தவர் ஒருவர் விவிலியத் தமிழுக்கு உதவியது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு நூலை எளிய தமிழில் எவ்வாறு மக்களிடம் சேர்ப்பது, பள்ளியை எவ்வாறு ஒழுங்குற நடத்துவது என்பனவற்றை அவர் அருகிருந்து அறிய அப்பணி வாய்ப்பளித்தது.

துறந்ததும் தொடங்கியதும்

1847-ஆம் ஆண்டின் இறுதி நாளன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். மறு ஆண்டு பாதிரியாரிடம் பார்த்த வேலையைத் துறந்தார். அதே ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவப் பிரகாச வித்தியாசாலை எழுந்தது. தொடக்கத்தில் ஆசிரியர்கள் ஊதியமின்றியே கற்பித்தனர். வீடுதோறும் திரட்டிய பிடியரிசியும் பள்ளிக்கு உதவிற்று. 1849-இல் அச்சுப்பொறி வாங்கத் தமிழகம் வந்தவருக்குத் திருவாவடுதுறை ஆதீனம் நாவலர் என்னும் பட்டத்தை அளித்தது. பால பாடங்கள், பெரியபுராண வசனம், பரிமேலழகர் உரையுடன் திருக்குறள் எனப் பல நூல்கள் அவர் முயற்சியால் அச்சேறின. 1864-இல் சிதம்பரத்திலும் சைவப் பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். வள்ளலாரின் பாடல்கள் பற்றி எழுந்த அருட்பா மருட்பா பூசலும், அதனையொட்டி 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்ற வழக்கும் நம் பகுதியில் இன்றும் பேசப்படுவனவே.

ஆங்கிலப் பள்ளி

1870-இல் யாழ்ப்பாணம் திரும்பிய நாவலர் ஓர் உண்மையை நேரில் கண்டார். தமிழும் சமயமும் கற்பிக்கத் தம் பள்ளிகள் இருந்தன. எனினும் அரசு வேலைக்கு ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலத்திற்கோ பிள்ளைகள் மிஷன் பள்ளிக்கே சென்றனர். விவிலியப் பாடத்தோடுதான் ஆங்கிலம் கிடைத்தது. ஆங்கிலம் வேண்டா என்று அவர் கூறவில்லை. ஆங்கிலக் கல்விக்காக எவரும் தம் சமயத்தையும் மொழியையும் விலையாகக் கொடுக்கலாகாது என்பதே அவர் கருத்து. இக்கருத்தின் வடிவமே 1872-இல் வண்ணார்பண்ணையில் தோன்றிய சைவாங்கில வித்தியாசாலை.

இப்பள்ளிக்குப் போட்டியாக நின்றவை எளியன அல்ல. 1823-இல் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரி, சி. வை. தாமோதரம் பிள்ளை போன்ற அறிஞர்களை உருவாக்கியது. ஆங்கில உயர்கல்வி தம் சமயப் பணிக்குப் போதிய பயன் தரவில்லை என்று கருதிய மிஷனார் அதனை 1855-இல் மூடினர். அதன் வழித்தோன்றலாக யாழ்ப்பாணக் கல்லூரி அதே 1872-இல் தொடங்கியது. அவர்களுக்குக் கடல் கடந்து பொருள் வந்தது. நாவலருக்கோ ஊரார் கைதான் துணை.

தமிழ்ப் பள்ளியில் தம் மாணவரையே ஊதியமின்றி ஆசிரியராக்க முடிந்தது. ஆங்கிலம் வல்லவரை அவ்வாறு அமர்த்த இயலுமா? அவருக்கு அரசு அலுவலகத்தில் நல்ல சம்பளம் காத்திருந்தது. பிடியரிசி கொண்டு ஆங்கிலப் பள்ளியை நடத்த முடியவில்லை. 1876-இல், பொருள் முட்டுப்பாட்டால் பள்ளி மூடப்பட்டது. வட்டுக்கோட்டைப் பள்ளி பொருளிருந்தும் கொள்கையால் மூடப்பட்டது. வண்ணார்பண்ணைப் பள்ளி கொள்கையிருந்தும் பொருளின்றி மூடப்பட்டது.

இறுதி நாட்கள்

நாவலர் சோர்ந்து அமர்ந்தாரல்லர். அக்காலத்தை ஒட்டி யாழ்ப்பாணத்தில் பஞ்சம் வந்தபோது கஞ்சி வார்த்துப் பசி போக்க முன்னின்றார். 1879-இல் சட்டசபைக்குப் பொன்னம்பலம் இராமநாதனை அனுப்பப் பெரிதும் உழைத்தார். அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் நாள் மறைந்தார். மணம் செய்துகொள்ளாத அவருக்குப் பள்ளிகளே மக்கட்செல்வம். சாதி வேற்றுமையை அவர் கடந்தாரில்லை என்னும் குறையையும் மறைத்தல் முறையன்று. அவர் பணியைப் போற்றுவோர் அதனையும் அறிந்தே போற்றுதல் வேண்டும்.

மூடியது பள்ளி மட்டுமே

அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1888-இல், சைவ பரிபாலன சபை தோன்றியது. 1890-இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி அச்சபையின் பொறுப்பில் வண்ணார்பண்ணையில் நிலைபெற்றது. இன்றளவும் சிறந்து விளங்குகிறது. நாவலர் ஆதரித்த இராமநாதன் 1913-இல் பெண்களுக்கு ஒரு கல்லூரியும், 1921-இல் பரமேசுவரக் கல்லூரியும் கண்டார். அப்பரமேசுவரக் கல்லூரி இருந்த இடத்திலேயே 1974-இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் அமைந்தது. நாவலர் தனியொருவராய்த் தாங்க இயலாத சுமையை ஒரு சபையாகக் கூடியோர் தாங்கினர்.

முடிவுரை

காடாம்புலியூர், பண்ருட்டி, சிதம்பரம் என நாற்புறத்து ஊர்களிலிருந்தும் நாம் அரசு கல்லூரிக்கு வருகிறோம். குறைந்த கட்டணத்தில் தமிழும் ஆங்கிலமும் ஒரே கூரையின் கீழ் கற்கிறோம். ஆங்கில வகுப்பென்றால் அஞ்சி ஒதுங்குவோரும், தமிழ் வகுப்பென்றால் எளிதாகக் கருதுவோரும் நம்மிடையே உண்டு. இவ்விரண்டையும் ஒருசேரத் தர முயன்று ஒருவர் நான்கு ஆண்டுகள் பட்ட பாட்டை அறிந்தால் நாம் எவ்வகுப்பையும் வீணாக்க மாட்டோம். அன்று பொருளின்றிப் பள்ளியின் கதவு அடைபட்டது. இன்று திறந்திருக்கும் கதவினுள் நாம் ஆர்வத்துடன் நுழைய வேண்டாவா?