விதியைப் புதிராக்கிய ராபர்ட் ஹூக்

மாணவர்களே, ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள் இருந்த செனாவாங்கில், ரப்பர் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ஆனால், எவ்வளவு விசைக்கு எவ்வளவு நீளும்? உலோகக் கம்பியையும் சுருள்வில்லையும் கொண்டு இதற்கு விடை கண்டவர் ராபர்ட் ஹூக்.

அவர் 1635இல் இங்கிலாந்தின் வைட் தீவில் பிறந்தார். உடல் நலம் குன்றிய சிறுவன். வீட்டிலிருந்தபடியே, பிரித்து வைத்த கடிகாரத்தைப் பார்த்து மரத்தில் ஒன்று செய்தார். 13 வயதில் தந்தையை இழந்து லண்டன் சென்றார். ஆக்ஸ்போர்டில் ராபர்ட் பாயிலுக்கு உதவியாளராகிக் காற்றுப் பம்பு அமைத்தார். 1662இல் ராயல் சொசைட்டியின் சோதனைப் பொறுப்பாளரானார். 1665இல் நுண்ணோக்கி பற்றிய நூலில் 'செல்' என்ற சொல்லை அறிமுகப்படுத்தினார். மறு ஆண்டு லண்டன் தீக்கிரையானபோது, நகரை அளந்து மீண்டும் எழுப்பும் பணியிலும் பங்கேற்றார்.

சுருள்வில்லால் ஓட்டம் சீராக்கப்படும் சட்டைப்பைக் கடிகாரத்தை முதலில் கண்டது யார் என்று ஹைகன்ஸுடன் அவருக்குச் சச்சரவு எழுந்தது. தம் கண்டுபிடிப்பைப் பிறர் உரிமை கொண்டாடுவார்களோ என்ற அச்சத்தில், 1676இல் தம் விதியை 14 லத்தீன் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக வெளியிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்தே விடையைச் சொன்னார்: நீட்சி, விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

பலர் தவறுவது இங்கேதான். 10 செ.மீ. சுருள்வில்லில் 100 கிராம் தொங்கவிட்டால் 12 செ.மீ., 200 கிராமுக்கு 14 செ.மீ., 300 கிராமுக்கு 16 செ.மீ. ஆகிறது என்போம். சுமை இரட்டிப்பானாலும் நீளம் இரட்டிப்பாகவில்லை. தொடக்க நீளத்தைக் கழித்தால் கிடைக்கும் 2, 4, 6 செ.மீ. என்பதே நீட்சி, அதுதான் சுமைக்கு ஏற்ப உயர்கிறது. வரைபடமும் நேர்கோடாகிறது.

இந்த நேர்கோட்டுக்கும் எல்லை உண்டு. அளவுக்கு மீறிச் சுமை ஏற்றினால் விகிதம் மாறும்; சுருள்வில் பழைய நிலைக்குத் திரும்பாமலும் போகலாம். நம் ரப்பர் வளையத்தைச் சோதித்தாலோ வளைகோடுதான் வரும். மிகுதியாக நீண்ட பின்னர் அது இறுகிவிடும்.

நியூட்டனுடனும் பிணங்கிய ஹூக், 1703இல் லண்டனில் காலமானார். அவருடையதுதான் என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஓவியம்கூட இன்று இல்லை. ஆனால் அவர் பெயர் நம் இயற்பியல் பாடத்தில் நிலைத்துவிட்டது. அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் சுருள்வில்லைத் தொங்கவிடும்போது, முதலில் அதன் தொடக்க நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.