ஓய்வுக்குப் பின் எழுந்த உழைப்பு: திவான்பகதூர் இரட்டைமலை சீனிவாசனார் வாழ்வு

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவரைத் திண்ணைக்கு உரியவராக எண்ணிவிடுவது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. ஆலையிலும் பள்ளியிலும் அரசு அலுவலகத்திலும் முப்பது ஆண்டுகள் உழைத்துத் திரும்பிய நம் பெரியோர் சிலரும், இனி நமக்கு என்ன வேலை இருக்கிறது என்று சோர்ந்துவிடுகின்றனர். அச்சோர்வுக்கு மருந்தாக அமைந்த ஒரு வாழ்க்கையை இவ்வெள்ளி விழா மலரில் நினைவுகூர விரும்புகின்றோம்.

செங்கற்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில், 1860ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர் சீனிவாசனார். இரட்டைமலை என்பது அவர்தம் தந்தையாரின் பெயர். கோயம்புத்தூரில் அவர் பயின்றபோது, நானூறு மாணவருள் பிராமணர் அல்லாதார் பத்துப் பேர் அளவே இருந்தனர். தம் சாதி வெளிப்பட்டால் இழிவு நேருமே என்று அஞ்சி, மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே நின்று படிப்பார். வகுப்பு முடிந்ததும் எவரும் உடன் வாராதபடி விரைந்து வீடு சேர்வார். விளையாட்டும் தோழமையும் அறியாத இளமை அது.

நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிலையங்களில் கணக்கராகப் பத்தாண்டுகள் பணியாற்றிய பின் 1890இல் சென்னை வந்தார். 1891இல் பறையர் மகாஜன சபையை நிறுவினார். இழிசொல்லாக வீசப்பட்ட பெயரையே தலைநிமிர்ந்து சூடி, 1893 அக்டோபரில் ‘பறையன்’ இதழைத் தொடங்கி ஏழாண்டுகள் நடத்தினார். 1900இல் கடல் கடந்து சென்ற அவர், கிழக்கு ஆப்பிரிக்காவில் சில காலம் தங்கி, 1904 முதல் ஏறக்குறைய பதினாறு ஆண்டுகள் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக விளங்கினார்.

1921இல் தாயகம் திரும்பியபோது அவர் அறுபதைக் கடந்திருந்தார். இருபதாண்டுகள் நாட்டை விட்டு நீங்கியிருந்தவர். முடித்துக்கொண்டதோ நல்லதோர் உத்தியோகம். அமைதியாக ஓய்ந்திருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். ஆயினும் அவர் பெயர் இன்று நிலைத்திருப்பதற்குரிய பெரும்பணிகள் பல அதற்குப் பின்னரே நிகழ்ந்தன என்பதை நம் இளைஞர்கள் கருத்தில் இருத்த வேண்டும்.

1923இல் சென்னைச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினரானார். மறு ஆண்டே, பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றை நம் மக்களும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தைக் கொணர்ந்து நிறைவேற்றினார். அந்நாளில் வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையால் அவ்வாணை நம் எல்லைக்குள் செல்லவில்லை. எல்லைக்கு அப்பால், தென்னார்க்காடு மாவட்டத்தில் வாழ்ந்த நம் உறவினருக்கு அது உரியதாயிற்று. ஏட்டில் எழுதிய உரிமை தெருவுக்கு வந்து சேர மேலும் நெடுங்காலப் போராட்டம் தேவைப்பட்டது என்பதையும் நாம் மறப்பதற்கில்லை.

எழுபது வயதை எய்திய நிலையில், 1930இலும் 1931இலும் அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் கலந்துகொண்டார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தீண்டாமை என்றால் என்னவென்று வினவியபோது, தெருவில் ஒருவன் விழுந்து கிடந்தாலும் மேல்சாதியார் தொட்டுத் தூக்கமாட்டார்கள் என்று எடுத்துரைத்து, அவரைத் திகைக்க வைத்தார். பள்ளி வாயிலில் தம் சாதியை மறைத்து நின்ற சிறுவர், பேரரசின் அரண்மனையில் அதனை மறையாது நின்றார். 1932இல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோருள் அவரும் ஒருவர். அவ்வொப்பந்தம் மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்களை ஒதுக்கியது. அவற்றுள் 30 இடங்கள் சென்னை மாகாணத்திற்கு உரியவை.

1939இல் தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தை எழுதி வெளியிட்டார். பின்வரும் தலைமுறை தன் வரலாற்றைப் பிறர் வாய்வழி கேட்டறியும் நிலை வேண்டாம் என்னும் அக்கறையை அந்நூலில் காண்கிறோம். 1945 செப்டம்பர் 18ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் செய்த அளவு நம்மால் இயலாது என்று எவரும் ஒதுங்க வேண்டுவதில்லை. கணக்கரும் மொழிபெயர்ப்பாளருமாகத் தாம் பெற்ற எழுத்தறிவையும் சட்ட அறிவையுமே அவர் முதுமையில் மக்களுக்கு வழங்கினார். நம்மில் ஓய்வு பெற்றோரிடமும் அத்தகைய செல்வம் உண்டு. மனு எழுதத் தெரிந்தவர், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வழிகாட்ட வல்லவர், மாலை வேளையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரக்கூடியவர் ஒவ்வொரு ஊரிலும் இருக்கின்றனர். இளைஞர்கள் அவர்களை நாடிச் செல்லுதல் வேண்டும். பெரியோரும் அழைப்பை எதிர்பார்த்து அமர்ந்திராது முன்வருதல் வேண்டும். நம் கல்விச் சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் அவ்விரு திறத்தாரின் கூட்டுறவால் வளம் பெறும் என நம்புகின்றோம்.

வாழ்க சீனிவாசனார் புகழ்!