ரோமாபுரியை நடுங்க வைத்த ஆர்மீனியஸ்

ஐரோப்பாவில் ரைன் என்று ஒரு பெரிய ஆறு ஓடுகிறது. 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஆற்றுக்கு மேற்கே ரோமாபுரி ஆட்சி நடந்தது. கிழக்கே அடர்ந்த காடு. அங்கே ஜெர்மானியர்கள் பல குலங்களாக வாழ்ந்தார்கள். அவர்களுக்குள் ஒற்றுமை கிடையாது.

ரோமர்கள் கெட்டிக்காரர்கள். குலத் தலைவர்களின் பிள்ளைகளைத் தங்கள் படையில் சேர்த்துக்கொண்டு பட்டமும் பதவியும் கொடுத்தார்கள். அப்படிச் சேர்ந்தவன்தான் ஆர்மீனியஸ். செருஸ்கி குலத்துத் தலைவன் மகன். ரோமாபுரிக் குடியுரிமை பெற்றான். அவர்கள் பாஷையையும் கற்றுக்கொண்டான். ரோமாபுரிப் படை எப்படிப் போரிடும் என்பது அவனுக்கு அத்துபடி.

விருந்தில் வந்த எச்சரிக்கை

அப்போது ஜெர்மானிய நாட்டைக் கவனிக்க வாரஸ் என்பவனைச் சக்கரவர்த்தி அகஸ்டஸ் அனுப்பியிருந்தார். அவன் ஜெர்மானியர்களிடம் பணம் கேட்டான், அடிமைகளைப்போல நடத்தினான். மக்கள் குமுறினார்கள்.

ஆர்மீனியஸ் வாரசோடு உட்கார்ந்து விருந்து சாப்பிட்டான். அதே சமயம் ரகசியமாகக் குலங்களை ஒன்று சேர்த்தான். இது செகஸ்டஸ் என்ற இன்னொரு தலைவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆர்மீனியசை உடனே பிடித்துச் சிறையில் போடும்படி வாரசிடம் சொன்னான். வாரஸ் நம்பவில்லை.

கி.பி. 9-ம் ஆண்டு. எங்கோ கலகம் என்று செய்தி வந்தது. வாரஸ் 3 பெரும் படைகளோடு காட்டு வழியே புறப்பட்டான். வண்டிகள், பெண்கள், குழந்தைகள் என்று ஊர்வலம் நீண்டது. உதவிக்கு ஆள் கொண்டு வருவதாகச் சொல்லி ஆர்மீனியஸ் நழுவினான்.

புயலும் மழையும் பிடித்துக்கொண்டன. சேற்றில் வண்டிகள் புதைந்தன. மரங்களுக்குப் பின்னாலிருந்து ஈட்டிகள் பறந்து வந்தன. ரோமாபுரி வீரர்களால் அணிவகுத்து நிற்கவே முடியவில்லை. சில நாட்களில் 15 ஆயிரம் பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். வாரஸ் தன் வாளாலேயே உயிரை மாய்த்துக்கொண்டான்.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் என்று ரோமர்கள் ஏசினார்கள். அது பொய் அல்ல. ஆனால் நேருக்கு நேர் நின்றிருந்தால் ஜெர்மானியர்கள் வென்றிருக்க முடியாது.

அகஸ்டஸ் பல மாதம் முடியும் தாடியும் வெட்டாமல் துக்கம் காத்தார். அழிந்த படைகளின் எண்கள் 17, 18, 19. அந்த எண்களை ரோமாபுரி பிறகு எந்தப் படைக்கும் வைக்கவில்லை. 1987 முதல் கால்கிரீசே என்ற இடத்தில் ரோமாபுரி நாணயங்களும் ஈயக் கவண் குண்டுகளும் கிடைத்தன. போர் நடந்த இடம் அதுவே என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

மனைவி சிறைப்பட்டாள்

செகஸ்டசின் மகள் துஸ்னெல்டா. வேறொருவனுக்குப் பேசி முடித்திருந்த அவளை ஆர்மீனியஸ் தூக்கிச் சென்று மணந்தான். மாமனாரின் பகை முற்றியது. மகளைத் தன் வசம் கொண்டு வந்தான். கி.பி. 15-ம் ஆண்டில் ரோமாபுரித் தளபதி ஜெர்மானிக்கசைத் துணைக்கு அழைத்து, அவனிடம் போய்ச் சேர்ந்தான். மகளும் அவர்கள் கையில் சிக்கினாள். அப்போது அவள் கர்ப்பிணி. அவள் அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை.

ஆர்மீனியஸ் வெறி கொண்டவன் போல் ஆனான். மறு ஆண்டு வேசர் ஆற்றங்கரையில் இரு படைகளும் எதிர் எதிரே நின்றன. அக்கரையில் அவனுடைய தம்பி பிளாவஸ்! ரோமாபுரிக்காகப் போரிட்டு ஒரு கண்ணை இழந்தவன். ஆற்றுக்கு இருபுறமும் நின்று அண்ணனும் தம்பியும் வாதாடினார்கள். கடைசியில் தம்பி ஆயுதம் கேட்டுத் துடித்தான். பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்து நிறுத்தினார்கள்.

அந்தப் போரில் ஆர்மீனியஸ் தோற்றான். அடையாளம் தெரியாமல் இருக்க, முகத்தில் ரத்தத்தைப் பூசிக்கொண்டு தப்பினான். ஆனாலும் புதிய சக்கரவர்த்தி டைபீரியஸ் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டார். ரைன் நதியே எல்லையாக நின்றது.

கி.பி. 17-ல் ரோமாபுரியில் வெற்றி ஊர்வலம். துஸ்னெல்டாவையும், சிறையில் பிறந்த ஆண் குழந்தையையும் ஊர் பார்க்க நடத்திச் சென்றார்கள். அவள் தந்தை மரியாதைக்குரிய இடத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான்.

ஆர்மீனியஸ் அரசனாக முடிசூடப் பார்க்கிறான் என்று சொந்த ஜனங்களே சந்தேகப்பட்டார்கள். கி.பி. 21-ம் ஆண்டு வாக்கில் உறவினர்கள் சூழ்ச்சி செய்து அவனைக் கொன்றார்கள். அப்போது வயது 37. மகன் முகத்தை அவன் பார்க்கவே இல்லை.