ஊமையன் கோட்டை அடிவாரத்தில் பிறந்த குரல்

புதுக்கோட்டைக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் உள்ள திருமயத்துக்கு ஆண்டுக்கு இருமுறையாவது நான் செல்வதுண்டு. அங்குள்ள கோட்டை 1687-இல் சேதுபதி மன்னரால் கட்டப்பட்டது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் நினைவாக மக்கள் அதனை ஊமையன் கோட்டை என்றே அழைக்கின்றனர். அந்தக் கோட்டையைக் கொண்ட ஊரில்தான், தமிழ்நாடு கேட்ட மிகச் சிறந்த மேடைக் குரல்களில் ஒன்று 1887 ஆகஸ்ட் 19 அன்று பிறந்தது. தீரர் சத்தியமூர்த்தியைத்தான் குறிப்பிடுகிறேன்.

கடந்த முறை நான் சென்றிருந்தபோது ஊரில் ஒரு விழா. தெருமுனைகளில் ஆளுயர ஒலிபெருக்கிகள் அடுக்கப்பட்டிருந்தன. நான் இடது காதில் செவிக்கருவி அணிபவன். அது பேச்சையும் இரைச்சலையும் ஒருசேரப் பெருக்கித் தருவதால், அருகில் நின்ற பேரன் சொன்ன ஒரு சொல்லும் விளங்கவில்லை. கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வேட்டுச் சத்தம் எழும்போதெல்லாம் கோட்டைச் சுவரின் இடுக்குகளிலிருந்து மாடப்புறாக்கள் கூட்டமாக எழுந்து, அமர இடமின்றி வட்டமிட்டன. எதிர்வீட்டுத் திண்ணையில் ஒரு மாணவி இரு காதுகளையும் பொத்திக்கொண்டு, மடியில் கிடந்த புத்தகத்தைப் படிக்க முயன்றுகொண்டிருந்தாள். எனக்காவது கழற்றி வைக்க ஒரு கருவி இருந்தது.

குரலையே ஆயுதமாகக் கொண்டு வாழ்ந்த ஒருவரின் ஊரில் இப்படி நிற்க நேர்ந்ததால், அவருடைய வாழ்க்கையை மீண்டும் எண்ணிப் பார்த்தேன்.

திருமயத்தின் பழம்பெயர் திருமெய்யம். மெய் என்றால் சத்தியம். அவ்வூர்ப் பெருமாளின் திருப்பெயரையே தாங்கிய சத்தியமூர்த்தி, இளமையிலேயே தந்தையை இழந்து குடும்பப் பொறுப்பைச் சுமந்தவர். புதுக்கோட்டை மன்னர் கல்லூரியிலும், சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும், சட்டக் கல்லூரியிலும் பயின்று வழக்குரைஞரானார். எஸ். சீனிவாச ஐயங்காரின் வழிகாட்டுதல் அவரை அரசியலுக்குக் கொணர்ந்தது. 1919-இல், மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தங்கள் குறித்து இந்தியாவின் கருத்தை எடுத்துரைக்க இங்கிலாந்து சென்ற காங்கிரஸ் குழுவில் இடம்பெற்றபோது அவருக்கு வயது 32.

அவருடைய பொதுவாழ்வின் முற்பகுதி, மேடைகளுக்கு ஒலிபெருக்கி வந்திராத காலம். கடற்கரை மணலில் திரண்டிருக்கும் கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் சொல் சென்று சேர வேண்டுமானால், உச்சரிப்பு திருத்தமாக இருக்க வேண்டும். மூச்சு கட்டுப்பட வேண்டும். சுகுண விலாச சபை நாடகங்களில் நடித்த அனுபவமும், இசையில் இருந்த ஈடுபாடும் அவருக்கு இதில் துணைநின்றிருக்கும். கூட்டமும் அமைதி காத்தாக வேண்டும். இல்லையேல் யாருக்கும் எதுவும் கேட்காது. விரும்பாதவர் எழுந்து செல்லலாம். பத்தடி நகர்ந்தால் அந்தக் குரல் அவரைத் தொடராது. கேட்பவரின் சம்மதத்தின் மீது நின்ற கலை அது.

1923-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1928-இல் பாரதியின் பாடல் நூல்கள் பறிமுதல் செய்யப்பட்டபோது, அதனைக் கண்டித்து மன்றத்தில் ஒலித்த குரல்களில் அவருடையது முதன்மையானது. பாரதி மறைந்து ஏழாண்டுகள் ஆகியிருந்தன. தனக்காகப் பேச இயலாத ஒரு கவிஞரின் சொல், மக்களின் செவியை அடையும் உரிமைக்காக அவர் வாதாடினார்.

அதே மன்றத்தில் அவர் தவறான பக்கம் நின்றதும் உண்டு. தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயன்றபோது, சத்தியமூர்த்தி அதனை எதிர்த்தார். முத்துலட்சுமியும் புதுக்கோட்டையில் பிறந்து, அதே மன்னர் கல்லூரியில் பயின்றவர். மன்றத்தின் ஒரே பெண் உறுப்பினராக இருந்த அவருடைய வாதமே இறுதியில் வென்றது; வரலாறும் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. பெரும் பேச்சாளர் ஒருவரை எதிர்த்தும் ஓர் ஒற்றைக் குரல் நிலைபெற முடிந்ததற்குக் காரணம், ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்டாக வேண்டும் என்ற அவை ஒழுங்கு. உரத்த குரலே வெல்லும் என்றிருந்தால் அந்தச் சீர்திருத்தம் அன்றே மூழ்கிப்போயிருக்கும்.

1934-இல் மத்திய சட்டமன்றத்துக்குத் தேர்வாகி, காங்கிரஸ் கட்சியின் துணைத் தலைவராகப் பணியாற்றினார். கேள்வி நேரத்தில் சுருக்கமான துணைக் கேள்விகளால் ஆங்கிலேய அதிகாரிகளைத் திணறடித்தவர் என்ற புகழ் அங்கேதான் அவருக்குச் சேர்ந்தது. 1939-இல் சென்னை மாநகர மேயரானார். நகரின் குடிநீர்ப் பஞ்சத்தைத் தீர்க்கப் பூண்டி நீர்த்தேக்கத் திட்டத்தை முன்னெடுத்தார். 1942 போராட்டத்தில் கைதாகி, அமராவதி சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்ட வழியில் முதுகுத்தண்டில் காயமுற்றார். அதிலிருந்து மீளாமல் 1943 மார்ச் 28 அன்று சென்னையில் மறைந்தார். மறு ஆண்டு நிறைவுற்ற நீர்த்தேக்கத்தை அவர் பார்க்கவில்லை. அது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் தலைமுறை சிறை சென்று பெற்றுத்தந்த பேச்சுரிமையை, நாம் இரைச்சலுக்கான உரிமை என்று பிழையாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். ஒலிபெருக்கியின் மூலம் பிறரைக் கட்டாயப்படுத்திக் கேட்கவைக்க எவருக்கும் அடிப்படை உரிமை இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2005-இல் தெளிவுபடுத்தியது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45 டெசிபலே வரம்பு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி பொதுவாகக் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். டெசிபல் கணக்கில் ஒவ்வொரு பத்தும் ஒலியின் ஆற்றலைப் பத்து மடங்காக்கும். 55 இருக்க வேண்டிய இடத்தில் 75 என்றால், அது நூறு மடங்கு.

பொருளியலில் இதனைப் புறவிளைவு என்போம். மகிழ்ச்சி ஒருவருக்கு, அதன் விலையைக் கொடுப்பவர் வேறொருவர். கெட்ட உறக்கம், உயரும் இரத்த அழுத்தம், மங்கும் செவித்திறன், சிதறும் படிப்பு ஆகியவை எந்த விழாவின் வரவு-செலவுக் கணக்கிலும் ஏறுவதில்லை. பறவைகளோ குரலால் இணை தேடி, குரலால் குஞ்சை எச்சரிப்பவை. நெதர்லாந்தின் லெய்டன் நகரில் சிட்டுக்குருவி அளவுள்ள ஒரு பறவையினம், போக்குவரத்து இரைச்சலை மீறிக் கேட்பதற்காகத் தன் பாட்டின் சுருதியையே உயர்த்திக்கொண்டதை 2003-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

தீர்வு தொலைவில் இல்லை. அண்டை மாவட்டமான சிவகங்கையில், திருப்பத்தூரை அடுத்த கொள்ளுகுடிப்பட்டி மக்கள், வேட்டங்குடி சரணாலயத்துக்கு வரும் பறவைகளுக்காகப் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. சட்டத்துக்கு அஞ்சி அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. வலசை வந்த பறவைகளை விருந்தினராகக் கருதுவதால் செய்கின்றனர். அங்கு எந்தத் தீபாவளியும் குறைபட்டுப் போகவில்லை.

திருமயத்துக்கு என்னிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. வரும் ஆகஸ்ட் 19 அன்று, சத்தியமூர்த்தியின் பிறந்தநாள் கூட்டத்தை ஒலிபெருக்கி இல்லாமல் நடத்திப் பார்க்கலாம். கேட்க விரும்புவோர் சற்று நெருங்கி அமரட்டும். பேசுவோர் அளந்து பேசட்டும். திண்ணையில் அந்த மாணவி படிக்கட்டும். புறாக்கள் கோட்டைச் சுவரிலேயே இருக்கட்டும். அன்று நானும் முன்வரிசையில், செவிக்கருவியைக் கழற்றாமல் அமர்ந்திருப்பேன்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).